செம்பைத் தின்னாத பாக்டீரியா: தாதுக் குவியலுக்குள் நடப்பது என்ன?

"செம்பைத் தின்னும் பாக்டீரியா", "தங்கம் கக்கும் நுண்ணுயிர்" என்றெல்லாம் அவ்வப்போது செய்தி வருகிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செம்புச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் பாக்டீரியாவுக்குச் செம்பின் மேல் எந்த ஆசையும் கிடையாது. சொல்லப்போனால் செம்பு அதற்கு நஞ்சு. பழகிப்போய்த் தாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதற்கு வேண்டியது இரும்பு. செம்பானாலும் தங்கமானாலும் நிக்கலானாலும், நுண்ணுயிரை வைத்து உலோகம் எடுக்கும் இந்தத் தொழில் பெரும்பாலும் இரும்பில் பிழைக்கும் உயிர்களின் தயவில்தான் ஓடுகிறது.

இவற்றில் அதிகம் ஆராயப்பட்டது அசிடிதையோபாசில்லஸ் ஃபெரோஆக்ஸிடன்ஸ். நீளம் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர். கந்தக அமிலம் கலந்த நீரில், நம் தோல் எரிந்துபோகும் இடத்தில், சுகமாக வளரும். அதன் சாப்பாட்டு முறையைப் புரிந்துகொண்டால் மற்றது தானாக விளங்கிவிடும். நீரில் கரைந்த இரும்பு இரண்டு நிலைகளில் இருக்கும்: ஃபெரஸ், ஃபெரிக். ஃபெரஸ் ஒரு எலக்ட்ரானை இழந்தால் ஃபெரிக். பாக்டீரியா அந்த எலக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனிடம் சேர்க்கிறது. இந்தக் கைமாற்றலில் கிடைக்கும் சொற்ப ஆற்றலை வைத்து, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்து உடம்பாக்கிக்கொள்கிறது. சர்க்கரையும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு என்பதால் ஒரு கிராம் எடை கூடவே பல பத்து கிராம் இரும்பையாவது மாற்றித் தள்ள வேண்டியிருக்கிறது. சுரங்கக்காரருக்கு லாபமே இங்கேதான்: உயிர் கொஞ்சமாக வளர்கிறது, இரும்பு ஏராளமாக மாறுகிறது.

சரி, ஃபெரிக் இரும்பு கிடைத்து என்ன பயன்? அது ஒரு முரட்டுப் பொருள். பைரைட், சால்கோசைட் போன்ற சல்ஃபைடு கனிமங்களை, அதாவது உலோகமும் கந்தகமும் பிணைந்த கனிமங்களை, தொட்டால் அவற்றின் கந்தகப் பிணைப்புகளிலிருந்து எலக்ட்ரான்களை உருவும். கனிமம் உடையும், உள்ளே பூட்டிக் கிடந்த செம்போ துத்தநாகமோ நிக்கலோ நீரில் கரையும். உருவிய கையோடு ஃபெரிக் மறுபடி ஃபெரஸாகிவிடும். அங்கே பசியோடு காத்திருக்கிறது பாக்டீரியா. கொஞ்சம் இரும்பே திரும்பத் திரும்பச் சுழன்று டன் கணக்கில் கனிமத்தைக் கரைத்துவிடும். வெளியேறும் கந்தகத்தை வேறு சில பாக்டீரியாக்கள் கந்தக அமிலமாக்குகின்றன. அந்த அமிலமும் தேவைதான். அது குறைந்தால் ஃபெரிக் இரும்பு கரைசலில் நிற்காமல் மஞ்சள் வண்டலாகப் படிந்துவிடும்.

அமில நீரில் ஃபெரஸைக் காற்றில் வைத்தாலும் அது தானாக ஃபெரிக்காக மாறுவது ஆமை வேகத்தில்தான். பாக்டீரியா இருந்தால் அந்த வேகம் பத்து லட்சம் மடங்கு வரை கூடும் என்று 1970இல் சிங்கர், ஸ்டம் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாக்டீரியா கனிமத்தில் ஒட்டிக்கொண்டு நொதியால் நேரடியாக அரிக்கிறதா, அல்லது ஃபெரிக்கை உண்டாக்கிக் கொடுப்பதோடு சரியா என்று ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டினார்கள். இன்று பெரும்பாலோர் ஒப்புவது இரண்டாவதை. ஒட்டிக்கொள்வது உண்மைதான். ஒட்டிய இடத்தில் பிசின் மாதிரி ஒரு படலத்தைச் சுரந்து, அதற்குள் ஃபெரிக்கைச் செறிவாகத் தேக்கிவைக்கிறது. கனிமத்தை அரிப்பது அந்த ஃபெரிக்.

மனிதன் இதைக் கண்டுபிடித்தது பிந்தி, பயன்படுத்தியது முந்தி. ஸ்பெயினின் உவெல்வா மாகாணத்தில் ரியோ டிண்டோ என்று ஒரு ஆறு ஓடுகிறது. சுமார் 100 கிலோமீட்டர் நீளம், சிவப்புத் தண்ணீர், அமிலத்தன்மை பிஎச் அளவில் இரண்டை ஒட்டி இருக்கும். அந்தச் சிவப்பு ஃபெரிக் இரும்பின் நிறம். ஏறத்தாழ 5000 ஆண்டுகளாக அங்கே உலோகம் தோண்டுகிறார்கள். 1873இல் ஒரு பிரிட்டிஷ் கூட்டமைப்பு சுரங்கத்தை ஸ்பெயின் அரசிடம் விலைக்கு வாங்கியது. இன்றைய ரியோ டிண்டோ நிறுவனத்தின் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

அந்தக் காலத்தில் தாதுவைத் திறந்தவெளியில் விறகோடு அடுக்கித் தீ வைத்து மாதக்கணக்கில் புகைய விடுவார்கள். கந்தகப் புகை ஊரையே மூடும், பயிர் கருகும். 1888 பிப்ரவரி 4 அன்று சுரங்கத் தொழிலாளர்களும் விவசாயிகளும் சேர்ந்து அந்தப் புகையை எதிர்த்துத் திரண்டார்கள். கூட்டத்தின் மேல் ராணுவம் சுட்டது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றுவரை கணக்கு ஒத்துவரவில்லை. அதே இடத்தில் இன்னொரு முறையும் புழங்கியது: தாதுவைச் சுடாமல், காற்று புக வழிவிட்டு மலைபோல் குவித்து, தண்ணீர் தெளித்து, வருடக்கணக்கில் காத்திருப்பது. அடியில் வடியும் நீலப்பச்சை நீரைப் பழைய இரும்புத் துண்டுகளின் மேல் ஓடவிட்டால் இரும்பு கரைந்து செம்பு படியும். இந்த இரும்புத் தந்திரம் ஒன்றும் புதிதில்லை. சீனாவில் சோங் அரச காலத்திலேயே பெரிய அளவில் செய்தார்கள். ரியோ டிண்டோவின் பொறியாளர்களுக்கு ஈரமும் காற்றும் வேண்டும் என்பது அனுபவத்தில் தெரியும். குவியலுக்குள் உயிர் இருக்கிறது என்பதுதான் தெரியாது.

அது தெரிய வந்ததே ஒரு தொல்லையைத் துரத்திப் போனதால்தான். அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து ஆரஞ்சு நிற அமில நீர் வடிந்து ஓடைகளைப் பாழாக்கிக்கொண்டிருந்தது. 1947இல் கோல்மர், ஹிங்கிள் என்ற இருவர் அந்த நீரில் இரும்பை ஆக்சிஜனேற்றும் ஒரு பாக்டீரியா இருப்பதை வெளியிட்டார்கள். 1951இல் அதற்குப் பெயர் வைத்தாயிற்று. 1958இல் கென்னிகாட் செம்பு நிறுவனம் அதை வைத்துத் தாது கரைக்கும் முறைக்குக் காப்புரிமையே வாங்கிவிட்டது. ஓடைகளைக் கெடுக்கும் வேதிவினையும் செம்பு எடுக்கும் வேதிவினையும் ஒன்றேதான். வடியும் நீரைப் பிடித்துவைத்தால் தொழில், விட்டுவிட்டால் மாசு. இந்தத் துறையைப் பற்றி எதைப் படித்தாலும் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்றைய செம்புக் குவியல் எப்படி இருக்கும்? சிலியின் வடக்குப் பாலைவனத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் தரையைச் சமன் செய்து, கசிவு இறங்காதபடி கனத்த பிளாஸ்டிக் விரிப்பு போடுகிறார்கள். அதன் மேல் வடிகுழாய்களும் காற்று ஊதும் குழாய்களும். தாதுவை ஓரிரு சென்டிமீட்டர் அளவுக்கு உடைத்து, சுழலும் உருளையில் அமிலமும் நீரும் சேர்த்துப் புரட்டுகிறார்கள். இப்படிப் புரட்டினால் தூசி பெரிய துண்டுகளில் ஒட்டி உருண்டையாகிவிடும். இதைச் செய்யாவிட்டால் தூசி குவியலின் இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். நீர் ஒரு பக்கம் வாய்க்கால் பிடித்து ஓடும், மறு பக்கம் காய்ந்து கிடக்கும். குவியல் கரைசல் தொழிலில் பல தோல்விகளுக்குப் பின்னால் உயிரியல் இருக்காது, இந்த நீரோட்டக் கோளாறுதான் இருக்கும். பிறகு ஆறு முதல் பத்து மீட்டர் உயரத்துக்குக் குவித்து, தோட்டத்துக்குப் போடும் அதே வகைச் சொட்டுநீர்க் குழாய்களை மேலே விரித்து, அமிலக் கரைசலை மெல்லச் சொட்ட விடுகிறார்கள்.

பாக்டீரியாவைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை, அது தாதுவிலேயே இருக்கிறது. வடிந்த கரைசலைத் திரும்பத் திரும்ப மேலே ஏற்றும்போது குவியல் முழுக்கப் பரவிவிடும். அப்புறம் வேலை காத்திருப்பது. மாதங்கள், சில தாதுக்களுக்கு ஒன்றிரண்டு ஆண்டுகள். அடியில் வரும் நீலநிறக் கரைசலில் இருந்து செம்பை மட்டும் பிடிக்கும் ஒரு கரிமக் கரைப்பானால் பிரித்து, மின்சாரம் பாய்ச்சித் தகடாகப் படிய வைத்தால் 99.99 சதவீதத் தூய செம்பு. உருக்காலை தேவையே இல்லை.

இதை 1980இல் சிலியின் லோ அகீரே சுரங்கம் பெரிய அளவில் செய்து காட்டியது. 1994இல் அதே நாட்டில் கெப்ராதா பிளாங்கா சுரங்கம் தொடங்கியபோது ஒரு சந்தேகம் இருந்தது: 4400 மீட்டர் உயரம், குளிர், காற்றில் ஆக்சிஜன் குறைவு, பாக்டீரியா தாங்குமா? தாங்கியது. சல்ஃபைடு கரையும்போது வெப்பம் வெளிவருகிறது. வெளியே என்ன குளிரானாலும் குவியல் தன்னைத்தானே சூடாக வைத்துக்கொள்ளும். 2006இல் உலகின் மிகப் பெரிய செம்புச் சுரங்கமான எஸ்கொண்டிடா, உருக்காலைக்கு அனுப்பினால் கட்டுப்படியாகாத தாழ்ந்த தரத் தாதுவுக்காகவே ஒரு பிரம்மாண்டக் குவியலைத் தொடங்கியது. டன்னுக்குச் சில கிலோ செம்பு மட்டுமே உள்ள பாறையை அரைத்துச் சலித்து உருக்க முடியாது. சொட்டவிட்டுக் காத்திருக்கலாம்.

உலகச் செம்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இப்படிக் கரைசல் வழியில் வருகிறது. ஆனால் அது முழுவதும் பாக்டீரியாவின் கணக்கில் சேராது. கந்தகத்துக்குப் பதில் ஆக்சிஜனோடு சேர்ந்த ஆக்சைடு தாதுக்கள் வெறும் அமிலத்திலேயே கரைந்துவிடும். விளம்பரக் கட்டுரைகள் இந்த வித்தியாசத்தை வசதியாக மறந்துவிடுகின்றன.

தங்கத்தின் கதை வேறு, எனக்கு அதுதான் கூடுதலாகப் பிடிக்கும். இங்கே பாக்டீரியா தங்கத்தைக் கரைப்பதே இல்லை. கோலார் தங்கவயலில் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டிய தங்கம் பெரும்பாலும் குவார்ட்ஸ் பாறையில் தனித் துகளாகவே இருந்தது. இடித்து அரைத்துப் பாதரசத்தாலும் பிறகு சயனைடாலும் பிடித்துவிட முடிந்தது. ஆனால் சில இடங்களில் தங்கம் கண்ணுக்கே தெரியாத நுண்துகளாகப் பைரைட்டுக்குள்ளும் ஆர்செனிக் கலந்த ஆர்செனோபைரைட்டுக்குள்ளும் சிறைப்பட்டிருக்கும். எவ்வளவு நைசாக அரைத்தாலும் சயனைடு உள்ளே போகாது. பாதி கூடக் கையில் வராது. பழைய வழி, வறுத்து எடுப்பது. வறுத்தால் கந்தக டை ஆக்சைடும் ஆர்செனிக் தூசியும் வெளியேறும். கனடாவின் யெல்லோநைஃப் நகருக்குப் பக்கத்திலுள்ள ஜயன்ட் சுரங்கத்தில் இப்படிச் சேர்ந்த 2,37,000 டன் ஆர்செனிக் டிரை ஆக்சைடு இன்றும் நிலத்தடி அறைகளில் கிடக்கிறது. அதைச் சுற்றியுள்ள பாறையை உறைய வைத்துக் காவல் காக்கும் வேலையை அந்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன் வட்டாரத்தில் ஃபேர்வியூ சுரங்கத்திலும் இப்படிப்பட்ட தாதுதான், இதே மாதிரி வறுக்கும் உலைதான். அங்கே 1986இல் ஜென்கோர் நிறுவனம் பாக்டீரியாத் தொட்டிகளை ஓட்டத் தொடங்கியது. 'பயாக்ஸ்' என்று பெயர். தங்கம் விலையுயர்ந்தது என்பதால் குவியலில் காத்திருக்கத் தேவையில்லை. தாதுவைச் செறிவாக்கி, நைசாக அரைத்து, காற்று ஊதிக் கலக்கும் பெரிய எஃகுத் தொட்டிகளில் வைத்து வளர்க்கலாம். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி, ஆய்வகக் குடுவையிலிருந்து சின்னத் தொட்டி, அதிலிருந்து பெரிய தொட்டி என்று பெருக்குகிறார்கள். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் தேவை என்பதால் உரக்கடைச் சரக்கையே கலக்குகிறார்கள். நான்கைந்து நாளில் சல்ஃபைடு சிதைந்து தங்கம் வெளிப்படும். அதன் பிறகு வழக்கமான சயனைடு முறையில் 90 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடலாம். ஆர்செனிக்கோ புகையாகப் போகாமல் இரும்போடு சேர்ந்து, சுண்ணாம்பு போட்டதும் கரையாத திடப்பொருளாகப் படிந்துவிடும்.

கேட்க எளிது. தொட்டியை ஓட்டுபவரின் கவலைகள் வேறு. வெப்பம் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்க வேண்டும். வினையே சூட்டைக் கக்குவதால் உள்ளே குளிர்நீர்க் குழாய்ச் சுருள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். காற்று ஊதும் எந்திரங்களே மின்கட்டணத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். கலவையில் திடப்பொருள் 20 சதவீதத்தைத் தாண்டினால் ஆக்சிஜன் போதாது. உப்பு நீர் ஆகாது, குளோரைடு இந்த உயிர்களுக்குப் பகை. எல்லாவற்றையும் விட மோசமானது தயோசயனேட். அடுத்த கட்டத்தில் சயனைடு மிச்சக் கந்தகத்தோடு சேர்ந்து உண்டாவது இது. தண்ணீரை மிச்சம் பிடிக்கிறோம் என்று அந்தக் கழிவுநீரைத் தொட்டிப் பக்கம் திருப்பினால் மிகக் குறைந்த அளவே போதும், பாக்டீரியாக் கூட்டம் செத்துவிடும். மறுபடி குடுவையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால்தான் இத்தகைய ஆலைகளில் இரண்டு பக்கத்துத் தண்ணீரையும் கண்டிப்பாகப் பிரித்தே வைக்கிறார்கள்.

1994இல் கானாவின் ஒபுவாசியில் இதைவிடப் பல மடங்கு பெரிய ஆலை வந்தது. பிறகு ஆஸ்திரேலியா, பெரு, கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், ரஷ்யா என்று பரவியது. இந்தியாவில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் கே. ஏ. நடராஜன் குழு பல ஆண்டுகள் இந்தத் துறையில் ஆய்வு செய்திருக்கிறது. கர்நாடகத்தின் ஹட்டி தங்கச் சுரங்கத்திலும் சோதனை நிலையில் முயன்று பார்த்தார்கள்.

இவ்வளவு நன்றாக வேலை செய்தால் உருக்காலைகளை ஏன் இன்னும் மூடவில்லை? காரணம் ஒரே ஒரு கனிமம், செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த சால்கோபைரைட். உலகச் செம்பு இருப்பில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. சாதாரண வெப்பத்தில் அது கொஞ்சம் கரைந்ததும் மேற்பரப்பில் ஒரு படலம் உண்டாகி, வினை படுத்துவிடும். அந்தப் படலம் கந்தகமா, இரும்புச் சேர்மமா, வேறு எதாவதா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. சூட்டைக் கூட்டினால் படலம் அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆனால் 65 முதல் 80 டிகிரியில் மேற்சொன்ன பாக்டீரியா வாழாது. அங்கே வேலை செய்பவை வெந்நீர் ஊற்றுகளில் கண்டெடுக்கப்பட்ட ஆர்க்கியா வகை உயிர்கள். பார்க்கப் பாக்டீரியா மாதிரி இருந்தாலும் இவை தனிக் குலம். யெல்லோஸ்டோன் பூங்காவின் கொதிக்கும் அமிலக் குட்டைகளில் கிடைத்தவையும் அவற்றில் உண்டு. பிஎச்பி பில்லிட்டன் நிறுவனமும் சிலியின் அரசு நிறுவனமான கொடெல்கோவும் சேர்ந்து 2000களின் முற்பகுதியில் சுக்கிகமாட்டாவில் இவற்றை வைத்து ஒரு மாதிரி ஆலையை ஓட்டினார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் ஓடியது. ஆனால் 80 டிகிரி அமிலத்தைத் தாங்கும் தொட்டிகளும் ஆக்சிஜன் ஏற்பாடும் சேர்ந்த செலவு உருக்காலையை ஜெயிக்கவில்லை. அடுத்த கட்டத்துக்குப் போகாமலே நின்றது.

"பசுமைத் தொழில்நுட்பம்" என்ற முத்திரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது ஃபின்லாந்தின் தல்விவாரா. சொத்கமோ என்ற ஊருக்குப் பக்கம், ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே, கரும்பாறைப் படிவம். அதில் நிக்கல் கால் சதவீதம், துத்தநாகம் அரை சதவீதம், கொஞ்சம் செம்பும் கோபால்ட்டும். பழைய முறைகளில் கட்டுப்படியாகாது என்று பல ஆண்டுகள் கிடந்தது. 2008இல் குவியல் முறையில் உற்பத்தி தொடங்கியது. எட்டு மீட்டர் உயரக் குவியலில் முதலில் ஒன்றரை ஆண்டு கரைத்து, பிறகு அதை எடுத்து இரண்டாவது திடலில் மறுபடி குவித்து இன்னும் சில ஆண்டுகள். மைனஸ் 30 டிகிரிக் குளிரிலும் குவியலின் மேல் ஆவி பறந்தது. பாக்டீரியா தன் பங்கைச் சரியாகவே செய்தது.

கணக்கு தப்பியது தண்ணீரில். சிலியின் பாலைவனத்தில் மழையே கிடையாது; கரைசல் ஆவியாகிக் குறைவதுதான் அங்கே பிரச்சினை. ஃபின்லாந்தில் மழையும் பனியும் குவியலில் சேர்ந்துகொண்டே இருந்தன. சேர்ந்த நீரை அமிலம் நீக்கி, உலோகம் நீக்கி வெளியே விட வேண்டும். அதற்கான ஏற்பாடு போதவில்லை. மழை மிகுந்த 2012இல், இதற்கென்று கட்டாத ஜிப்சம் கழிவுக் குளத்திலும் நீரைத் தேக்கினார்கள். நவம்பர் 4 அன்று குளம் கசிந்தது. நிக்கலும் சல்ஃபேட்டும் கலந்த லட்சக்கணக்கான கனமீட்டர் நீர் சுற்றுப்புறத்துக்குப் போனது. 2013 வசந்தத்தில் மறுபடி ஒரு கசிவு. பக்கத்து ஏரிகளில் உப்பேறிய கனத்த நீர் அடியில் தங்கிவிட்டது. மேல்நீரும் கீழ்நீரும் வழக்கம்போல் பருவந்தோறும் கலப்பது நின்றுபோய், அடிப்பகுதியில் ஆக்சிஜன் இல்லாமல் போனது. 2014இல் சுரங்கத்தை நடத்திய நிறுவனம் திவாலானது. முன்னாள் நிர்வாகிகள் சிலர் சுற்றுச்சூழல் குற்றத்துக்காக நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள்.

புகை இல்லை, உருக்காலை இல்லை என்பது உண்மை. ஆனால் எரித்துத் தள்ளாத கந்தகம் எங்கேயோ போயாக வேண்டுமே. காற்றில் போகாதது தண்ணீரில் போகும், சல்ஃபேட்டாக. அதைச் சுண்ணாம்பு போட்டு ஜிப்சமாக்கி எங்கே வைப்பது, எவ்வளவு காலம் வைப்பது, சுரங்கம் மூடிய பிறகு குவியலில் ஓடிக்கொண்டே இருக்கும் பாக்டீரியாவை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விகள் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியவை. பெரும்பாலும் பிற்சேர்க்கையில்தான் இருக்கும். வறண்ட நாட்டில் வெற்றி பெற்றதை ஈர நாட்டுக்குக் கொண்டுபோகும்போது பாக்டீரியாவை விட மழைமானிதான் முக்கியம் என்பது என் கருத்து. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் யாராவது இப்படி ஒரு திட்டத்தோடு வந்தால் நான் முதலில் கேட்பது ஆண்டு மழையளவைத்தான்.

தல்விவாரா மூடப்படவில்லை. மூடினால் அந்தக் குவியல்களைப் பராமரிக்கும் செலவு எப்படியும் அரசின் தலையில்தான். 2015இல் ஃபின்லாந்து அரசு டெராஃபேம் என்ற புது நிறுவனத்தின் வழியே அதை எடுத்து நடத்தியது. நீர் சுத்திகரிப்பைப் பெருக்கியது. மின்வாகனச் சந்தை கைகொடுத்தது. இப்போது அங்கேயே பேட்டரிக்கான நிக்கல், கோபால்ட் சல்ஃபேட் தயாராகிறது. அந்தப் பாறையில் கொஞ்சம் யுரேனியமும் உண்டு. ஃபெரிக் இரும்புக்கு ஆள் பார்த்துக் கரைக்கத் தெரியாது என்பதால் நிக்கலோடு அதுவும் சேர்ந்து கரைந்து இத்தனை வருடமும் கரைசலில் சுற்றிக்கொண்டிருந்தது. 2024இல் அதைத் தனியாகப் பிரித்தெடுக்கும் பிரிவையும் தொடங்கிவிட்டார்கள்.